88 நாள்: யாருக்கு விலக்கு, யாருக்கு விலங்கு?

பட்டப்படிப்பை முடித்த கையோடு ஓராண்டு ஆஸ்திரேலியாவுக்குப் போய், வேலை செய்துகொண்டே ஊரையும் சுற்றிப் பார்க்கலாமா? கிள்ளானுக்குத் திரும்பி வந்ததிலிருந்து இந்தக் கேள்வி என்னைத் துரத்துகிறது. பல்கலைக்கழகத்தில் எனக்குப் பின்னால் படித்தவர்கள் கேட்கிறார்கள். எஸ்பிஎம் எழுதிவிட்டுக் காத்திருக்கும் சித்தி மகள் கேட்கிறாள். கோவிலில் பார்க்கும் அக்காமார் தங்கள் பிள்ளைகளுக்காகக் கேட்கிறார்கள். டிக்டாக் வீடியோக்களில் கடற்கரை வருகிறது, ஸ்ட்ராபெரித் தோட்டம் வருகிறது, வாரச் சம்பளத்தை ரிங்கிட்டில் பெருக்கியும் காட்டுகிறார்கள். ஆசை வருவது இயல்புதான்.

போகலாம் என்றுதான் எல்லாருக்கும் சொல்கிறேன். 2024 செப்டம்பரில் போய் ஓராண்டு இருந்துவிட்டு வந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், நல்ல அனுபவம். ஆனால், இந்த விசாவின் விதிகள் கடந்த சில ஆண்டுகளில் நிறைய மாறிவிட்டன. சில மாற்றங்கள் நமக்கும் நன்மை தருபவை. சில மாற்றங்கள் நம் பக்கத்தில் நின்று அதே வேலையைச் செய்பவருக்கு மட்டுமே நன்மை தருபவை. எது எந்த வகை என்று தெரிந்துகொண்டு போவது நல்லது. தெரியாமல் போனால், நம் சம்பளத்தில் இடிக்கும்.

ஒரே பெயர், இரண்டு விசா

ஆஸ்திரேலியா இளையர்களுக்கான வேலை விடுமுறைத் திட்டத்தை 1975இல் தொடங்கியது. இன்று அதில் இரண்டு பிரிவுகள் உள்ளன. 417 என்ற எண்ணுள்ள விசா பிரிட்டன், அயர்லாந்து, கனடா, பிரான்ஸ், ஜப்பான், தென்கொரியா, தைவான் முதலிய நாடுகளின் இளையர்களுக்கு உரியது. 462 என்ற எண்ணுள்ள விசா மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா, தாய்லாந்து, வியட்நாம், சீனா, இந்தியா, அமெரிக்கா முதலிய நாடுகளுக்கு உரியது.

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். இரண்டிலும் ஓராண்டு தங்கலாம், வேலை செய்யலாம், நான்கு மாதம் வரை படிக்கலாம். உள்ளே போனால் வேறுபாடு தெரியும். 417க்கு ஆண்டுக்கு இத்தனை பேர் என்ற வரம்பு கிடையாது, கல்வித் தகுதியும் கேட்பதில்லை. 462இல் பெரும்பாலான நாடுகளுக்கு வரம்பு உண்டு. மலேசியாவுக்கு ஓராண்டில் 1,100 முதல் விசாக்கள். நம்மைப் பொறுத்தவரை வயது 18 முதல் 30 வரை இருக்க வேண்டும். உயர்கல்வித் தகுதி பெற்றிருக்க வேண்டும் அல்லது பட்டப்படிப்பில் குறைந்தது இரண்டு ஆண்டுகளை முடித்திருக்க வேண்டும். அடிப்படை ஆங்கிலம் தேவை. கையில் 5,000 ஆஸ்திரேலிய டாலர், அதாவது ஏறத்தாழ 14,000 ரிங்கிட், இருப்பதைக் காட்ட வேண்டும். திரும்பி வர விமான டிக்கெட் அல்லது அதற்கான பணம் தனி.

ஆகவே எஸ்பிஎம் முடித்த என் சித்தி மகளுக்கு இப்போதைக்கு வழி இல்லை. அவளுக்கு வயது போதும், படிப்பு போதாது. படிவம் ஐந்தில் இருப்பவர்கள் இதை மனத்தில் வைத்து, முதலில் மேற்படிப்பைத் திட்டமிடுங்கள். முப்பது வயது வரை நேரம் இருக்கிறது.

விசாக் கட்டணமும் ஏறிக்கொண்டே போகிறது. 2022-23இல் 510 ஆஸ்திரேலிய டாலராக இருந்தது, 2025 ஜூலை 1 முதல் 670 டாலர். விசா கிடைக்காவிட்டால் இந்தப் பணம் பொதுவாகத் திரும்பி வராது.

சீனா, வியட்நாம், இந்தியா ஆகிய மூன்று நாடுகளுக்கு 2024இலிருந்து குலுக்கல் முறை வந்திருக்கிறது. சீனாவுக்கு 5,000, வியட்நாமுக்கு 1,500, இந்தியாவுக்கு 1,000 இடங்கள். அங்கே 25 டாலர் கட்டிப் பெயரைப் பதிந்துவிட்டு, குலுக்கலில் பெயர் விழுந்தால்தான் விசாவுக்கே விண்ணப்பிக்க முடியும். தமிழ்நாட்டில் உறவுக்காரர்கள் இருந்தால் அவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். "நான் குலுக்கலில் உங்கள் பெயரை வரவழைக்கிறேன்" என்று எந்த ஏஜென்டாவது சொன்னால் நம்ப வேண்டாம்.

88 நாள் என்றால் என்ன?

முதல் ஆண்டு முடிந்த பிறகு இரண்டாவது ஆண்டும் வேண்டுமென்றால், ஆஸ்திரேலிய அரசாங்கம் பட்டியலிட்டிருக்கும் வேலையை, பட்டியலிட்டிருக்கும் ஊர்ப்புறப் பகுதிகளில் மூன்று மாதம் செய்திருக்க வேண்டும். நாள் கணக்கில் அது 88. தோட்டங்களில் பழம், காய்கறி பறிப்பது, கால்நடைப் பண்ணை வேலை, சில பகுதிகளில் கட்டுமானம், தொலைதூர ஊர்களில் ஹோட்டல், உணவக வேலை போன்றவை பட்டியலில் உள்ளன. மூன்றாவது ஆண்டு வேண்டுமென்றால் இரண்டாவது ஆண்டில் ஆறு மாதம் அப்படி வேலை செய்ய வேண்டும். 462 விசாக்காரர்களுக்கு இரண்டாவது ஆண்டு வாய்ப்பு 2016 நவம்பரில் வந்தது. மூன்றாவது ஆண்டு, இரு பிரிவினருக்கும், 2019 ஜூலையில் வந்தது.

ஏன் இப்படி ஒரு விதி? ஆஸ்திரேலியாவில் அறுவடைக் காலத்தில் தோட்டங்களுக்கு ஆள் போதாது. நகரத்தில் காபிக் கடையில் வேலை செய்ய விரும்பும் இளையர்களை ஊர்ப்புறத்துக்கு இழுக்க, இன்னோர் ஆண்டு விசா என்பதைப் பரிசாக வைத்தார்கள்.

பரிசு என்று சொன்னாலும், 88 நாள் வேலை செய்ததற்கு ஆதாரம் தருபவர் முதலாளி. நாள் கணக்கு யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் நம் விசாவும் இருக்கிறது என்ற நிலை இதனால் வருகிறது. அதிகச் சிக்கல்கள் இங்கேதான் தொடங்குகின்றன.

பிரிட்டிஷ் கடப்பிதழுக்குக் கிடைத்த விலக்கு

ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையிலான தடையற்ற வாணிப உடன்பாடு 2023 மே 31இல் நடப்புக்கு வந்தது. அதன் தொடர்ச்சியாக 2023 ஜூலை 1 முதல் பிரிட்டிஷ் இளையர்களுக்கு வயது வரம்பு 30இலிருந்து 35ஆக உயர்ந்தது. 2024 ஜூலை 1 முதல் அவர்கள் மூன்று ஆண்டு விசாக்களையும் தோட்ட வேலை எதுவும் செய்யாமலே பெறலாம். 88 நாளும் இல்லை, ஆறு மாதமும் இல்லை.

மற்றவர்களுக்கு, 417இல் உள்ள தைவான், கொரிய இளையர்கள் உட்பட, பழைய விதியே தொடர்கிறது. நமக்கும் அப்படியே.

இந்த வேறுபாட்டைச் செய்தியில் படித்தபோது எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. குவீன்ஸ்லாந்து மாநிலத்தின் பண்டபெர்க் ஊருக்குப் போன பிறகுதான் அதன் பொருள் விளங்கியது.

பண்டபெர்க்கில் நாங்கள் மூவர்

பண்டபெர்க் கரும்புக்கும் ரம்முக்கும் பெயர் போன ஊர். ஆஸ்திரேலியாவின் சர்க்கரைவள்ளிக் கிழங்கில் பெரும்பகுதி இந்த வட்டாரத்தில்தான் விளைகிறது. நான் சேர்ந்தது ஒரு கிழங்குத் தோட்டம். எங்களை வேலைக்கு எடுத்தவர் தோட்டக்காரர் இல்லை, ஆள் சேர்த்து அனுப்பும் ஒரு கான்ட்ராக்டர். அதிகாலையில் வேன் வரும். வேனுக்கு ஒரு தொகை, தங்கும் அறைக்கு ஒரு தொகை என்று சம்பளத்தில் கழிப்பார்கள்.

என் வரிசையில் ஒரு பக்கம் இங்கிலாந்து இளைஞர், மறு பக்கம் தைவான் பெண். மூவரும் காலை ஆறு மணிக்குத் தொடங்கி, இடைவேளை போக எட்டரை மணி நேரம் வேலை செய்தோம். முதல் வாரச் சம்பளச் சீட்டு வந்தபோது நாளுக்கு ஆறு மணி நேரம் என்றிருந்தது.

இங்கிலாந்து இளைஞர் மேற்பார்வையாளரிடம் கேட்டார், சரியான பதில் வரவில்லை. மறுநாள் பையைத் தூக்கிக்கொண்டு பிரிஸ்பேனுக்குப் பேருந்து ஏறிவிட்டார். அவருக்கு அந்த நாள்கள் தேவையே இல்லை. செலவுக்குக் காசு வேண்டும் என்றுதான் வந்திருந்தார்.

நானும் தைவான் தோழியும் கேட்டபோது மேற்பார்வையாளர் கோபப்படவில்லை, சிரித்தார். "உங்களுக்கு மணி வேண்டுமா, நாள் வேண்டுமா?" என்று கேட்டார். மணிக்கணக்கைக் கிளறினால் 88 நாளுக்கான படிவத்தில் கையெழுத்து கிடைக்காது என்பதைத்தான் அவர் அப்படிச் சொன்னார். தோழி பேசாமல் வேலைக்குத் திரும்பினாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். அவளுடைய அடுத்த ஓராண்டு அந்தக் கையெழுத்தில் இருந்தது.

இது எங்களுக்கு மட்டும் நடந்த கதை இல்லை. ஆஸ்திரேலியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 107 நாடுகளைச் சேர்ந்த 4,322 தற்காலிக விசாத் தொழிலாளர்களிடம் நடத்திய ஆய்வு 2017இல் வெளிவந்தது. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் மணிக்கு 12 டாலர் அல்லது அதற்கும் குறைவாகவே வாங்கினார்கள். சட்டப்படி கிடைக்க வேண்டியதில் ஏறக்குறைய பாதிதான் அது.

பாட்டி சொன்ன யோசனை

அன்றிரவு வாட்ஸ்ஆப்பில் பாட்டியோடு பேசினேன். பாட்டி காப்பார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். காலையில் வேனுக்கு முன்னால் பெயர் வாசிப்பதைச் சொன்னதும், "அங்கயும் பெரட்டு இருக்கா?" என்று சிரித்தார். தோட்டத்தில் அவர் காலத்தில் பெரட்டுக் களத்தில் நின்றால்தான் வேலை. கிராணியார் பேர் போட்டால்தான் சம்பளம். முழு நாள் வேலை செய்தாலும் ஏதாவது காரணம் சொல்லி அரைப்பேர் போட்டுவிடுவதும் உண்டு.

"பேர் போடுறவங்க கையிலதான்மா சம்பளம் இருக்கும். நீயும் ஒரு நோட்டுல உன் கணக்க எழுதி வையி. நாளைக்குக் கேக்கணும்னா கையில இருக்கணும்ல" என்றார்.

கங்காணி முறையைப் பற்றி வரலாற்றுப் பாடத்தில் படித்திருக்கிறோம். ஆள் சேர்த்துக் கொண்டுவந்த கங்காணிக்கு, வேலைக்கு வந்து நின்ற ஒவ்வொருவர் பேரிலும் தலைக்காசு கிடைத்தது. இந்திய அரசாங்கம் 1938இல் தோட்டங்களுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியதோடு அந்த முறை ஓய்ந்தது. பண்டபெர்க்குக்கும் இப்படி ஒரு கடந்தகாலம் உண்டு. 1863க்கும் 1904க்கும் இடையே பசிபிக் தீவுகளிலிருந்து சுமார் 62,000 பேரைக் குவீன்ஸ்லாந்துக்குக் கொண்டுவந்தார்கள். பலர் ஏமாற்றியும் கடத்தியும் கொண்டுவரப்பட்டவர்கள். பெரும்பாலோர் கரும்புத் தோட்டங்களில் உழைத்தார்கள். வயலில் கிடந்த கற்களை அவர்கள் பொறுக்கி அடுக்கிய நீண்ட சுவர் ஒன்று பண்டபெர்க்கின் கடலோரப் பகுதியில் இன்றும் நிற்கிறது.

அவர்கள் பட்ட பாட்டோடு என் ஓராண்டை ஒப்பிட முடியாது. நான் பட்டதாரி, விருப்பப்பட்டுப் போனவள், டிக்கெட் வாங்கித் திரும்பி வரக்கூடியவள். ஆனாலும், கணக்கு எழுதுபவர் ஒருவராகவும் அந்தக் கணக்கை நம்பிப் பிழைப்பவர் இன்னொருவராகவும் இருந்தால் என்ன நடக்கும் என்பதைப் பாட்டி ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார்.

மறுநாளிலிருந்து தொடங்கிய நேரம், முடித்த நேரம், இடைவேளை, எந்த வயல், மேற்பார்வையாளர் யார் என்று எழுதத் தொடங்கினேன். வேலை தொடங்கும்போதும் முடிக்கும்போதும் வயலைக் கைப்பேசியில் படம் எடுத்தேன். படத்தில் நேரமும் இடமும் தானாகப் பதிந்தன.

நமக்கும் சேர்த்து மாறிய சட்டங்கள்

கணக்கு கையில் இருந்தால் எங்கே கேட்பது என்று தேடியபோதுதான், நமக்கும் பொருந்தும் மாற்றங்கள் எவ்வளவு வந்திருக்கின்றன என்று தெரிந்தது. முக்கியமானவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, 2022 ஏப்ரல் 28 முதல் தோட்டங்களில் பெட்டிக் கணக்கில், வாளிக் கணக்கில் சம்பளம் கொடுத்தாலும், வேலை செய்த நேரத்துக்கான குறைந்தபட்சத் தொகைக்குக் கீழே போகக் கூடாது. முதலாளி மணிக்கணக்கைப் பதிவு செய்தே ஆக வேண்டும்.

இரண்டாவது, ஒரே முதலாளியிடம் ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்ற விதி கோவிட் காலத்தில் தளர்ந்து, 2023 ஜூலையில் திரும்ப வந்தது. ஆனால் 2024 ஜனவரி முதல் விவசாயம், உணவு பதப்படுத்துதல், முதியோர் பராமரிப்பு போன்ற சில துறைகளில் அனுமதி கேட்காமலே தொடரலாம். நல்ல முதலாளி கிடைத்தவர்களுக்கு இது நல்ல செய்தி.

மூன்றாவது, 2024 ஜூலை 1 முதல், ஒருவருடைய விசா நிலையைக் காட்டி மிரட்டி அவரைச் சுரண்டுவது குற்றம். அதே மாதம் சோதனை முறையில் ஒரு புதிய விசாவும் தொடங்கப்பட்டது. சுரண்டப்பட்ட தொழிலாளி தன் வழக்கைத் தொடர்வதற்காகக் குறுகிய காலம் ஆஸ்திரேலியாவில் தங்க அது வழி செய்கிறது. 'விசா முடிந்தால் போய்விடுவார்கள்' என்று காலத்தைக் கடத்தும் முதலாளிகளுக்கு எதிராக வந்த ஏற்பாடு இது.

நான்காவது, 2025 ஜனவரி 1 முதல் வேண்டுமென்றே சம்பளத்தைக் குறைத்துக் கொடுப்பது கிரிமினல் குற்றம். முன்பு அபராதத்தோடு முடிந்த விவகாரத்துக்கு இப்போது சிறைத் தண்டனையும் உண்டு.

இவற்றோடு, குவீன்ஸ்லாந்தில் ஆள் சேர்த்து அனுப்பும் கான்ட்ராக்டர்கள் 2018 முதல் உரிமம் வைத்திருக்க வேண்டும். உரிமம் உள்ளவர்களின் பட்டியலை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். வேலைக்குச் சேரும் முன் இரண்டு நிமிடம் செலவழித்தால் போதும்.

கையெழுத்தைவிட வலிமையான ஆதாரம்

இன்னும் இரண்டு விஷயங்கள் எனக்குப் பெரிய தைரியம் தந்தன. ஒன்று, 88 நாளையும் ஒரே இடத்தில், தொடர்ச்சியாகச் செய்ய வேண்டியதில்லை. வெவ்வேறு தோட்டங்களில் செய்த நாள்களைக் கூட்டிக்கொள்ளலாம். மற்றொன்று, முதலாளியின் கையெழுத்து ஒன்றுதான் ஆதாரம் என்பதில்லை. சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கறிக்கை, வரி ஆவணம் ஆகியவற்றாலும் வேலை செய்ததைக் காட்டலாம். சம்பளம் கொடுத்த ஒரு வேலை நாளுக்குள் சம்பளச் சீட்டு கொடுக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். ரொக்கமாகக் கொடுத்து, சீட்டு தராதவரிடம் எத்தனை நாள் வேலை செய்தாலும் நிரூபிப்பது கடினம்.

34 நாள் சேர்ந்ததும் அந்த இடத்தை விட்டேன். அதே வட்டாரத்தில் ஒரு மக்கடேமியா கொட்டைப் பண்ணையில் மீதி 54 நாளை முடித்தேன். அங்கே நேரத்தைக் கைப்பேசிச் செயலியில் நாமே பதியலாம். வேலை கடினம்தான், ஆனால் எழுதியதும் வந்த சம்பளமும் ஒரு நிமிடம்கூட வேறுபடவில்லை. நல்ல தோட்டங்களும் நிறைய உண்டு என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

பிறகு தோழியும் நானும் எங்கள் நோட்டுக் கணக்கை இணைத்துப் பழைய கான்ட்ராக்டருக்கு மின்னஞ்சல் அனுப்பினோம். குறைந்த மணி எவ்வளவு, சேர வேண்டிய தொகை எவ்வளவு, எந்தத் தேதிக்குள் வேண்டும் என்று மட்டும் எழுதினோம். வராவிட்டால் ஃபேர் ஒர்க் ஆம்பட்ஸ்மன் அலுவலகத்துக்குப் புகார் போகும் என்பதையும் சேர்த்தோம். வேலையிடச் சட்டங்களைக் கண்காணிக்கும் அரசாங்க அமைப்பு அது. மூன்று வாரத்தில் முழுத் தொகையும் வரவில்லை, பெரும்பகுதி வந்தது. என்னைவிடத் தோழிக்குத்தான் அது பெரிய விஷயம். அவள் அதுவரை யாரிடமும் கேட்டதே இல்லை.

ஒரு சின்னக் கணக்கு

இரண்டரை மணி நேரம்தானே என்று நினைக்கலாம். 2025 ஜூலை 1 முதல் ஆஸ்திரேலியாவின் தேசியக் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 24.95 டாலர். நிரந்தரமில்லாத வேலையாளுக்கு 25 விழுக்காடு கூடுதலாகக் கொடுக்க வேண்டும், அப்போது 31.19 டாலர் ஆகிறது. துறைக்கும் அனுபவத்துக்கும் ஏற்ப விகிதம் சற்று மாறும். கணக்குக்கு 30 டாலர் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு இரண்டரை மணி நேரம் குறைத்து எழுதினால் 75 டாலர் போகிறது. அப்படி 88 வேலை நாள் போனால் 6,600 டாலர். விசாவுக்குக் கையிருப்பாகக் காட்டச் சொல்லும் 5,000 டாலரைவிட அதிகம்!

பணம் மட்டும் இல்லை. ஒரு 'நாள்' என்பது அந்தத் துறையில் வழக்கமான ஒரு முழு வேலை நாள். சீட்டில் மணி நேரம் குறைந்தால், இரண்டாவது விசாவுக்கு அந்த நாளைக் கணக்கில் சேர்ப்பதிலும் கேள்வி வரலாம். மணியை விட்டுக்கொடுத்தால் நாள் பத்திரமாக இருக்கும் என்ற மேற்பார்வையாளரின் பேரம் நமக்கு இரண்டு பக்கமும் நஷ்டம்.

வரியையும் தெரிந்துகொள்ளுங்கள். வேலை விடுமுறை விசாக்காரர்கள் முதல் டாலரிலிருந்து 45,000 டாலர் வரை 15 விழுக்காடு வரி கட்ட வேண்டும். நம் இபிஎஃப் போல அங்கே 'சூப்பர்' என்ற ஓய்வுக்காலச் சேமிப்பு உண்டு. 2025 ஜூலையிலிருந்து முதலாளி சம்பளத்தில் 12 விழுக்காட்டை அதில் போட வேண்டும். நாட்டை விட்டுக் கிளம்பிய பிறகு அதைக் கேட்டு வாங்கலாம், ஆனால் 65 விழுக்காடு வரியாகப் போய்விடும். 30,000 டாலர் சம்பாதித்தவருக்கு 3,600 டாலர் சேர்ந்திருந்தால் கைக்கு வருவது 1,260 டாலர். டிக்டாக் வீடியோவில் இந்தக் கணக்கு வராது.

சுற்றுலா விசாவில் வேலையா?

நம் ஊரில் இன்னோர் ஆபத்தும் உண்டு. "படிப்பு தேவையில்லை, ஆங்கிலம் தேவையில்லை, ஒரு வாரத்தில் ஆஸ்திரேலியாவில் தோட்ட வேலை" என்று விளம்பரம் செய்கிறார்கள். பெரும்பாலும் அது இடிஏ எனப்படும் பயண அனுமதிதான். அதில் சுற்றிப் பார்க்கலாம், வேலை செய்ய அனுமதி இல்லை. அங்கே போன பிறகு, வேலை செய்யும் உரிமைக்காக அகதி விண்ணப்பம் போடச் சொல்வார்கள். இப்படிப் போய்ச் சிக்கிய மலேசியர்கள் பலர். 2017-18 காலகட்டத்தில், விமானத்தில் வந்திறங்கிய பிறகு ஆஸ்திரேலியாவில் பாதுகாப்பு விசா கேட்டவர்களில் அதிக எண்ணிக்கையினர் மலேசியர்களே. விண்ணப்பங்களில் மிகப் பெரும்பாலானவை நிராகரிக்கப்பட்டன. ஏஜென்டுக்குக் கட்டிய பணமும் போய், இனி வேறு விசா கேட்பதும் சிரமமாகிவிடும்.

462 விசாவுக்கு ஏஜென்ட் தேவையில்லை. தேவைப்படும் ஆவணங்களின் பட்டியல் ஆஸ்திரேலிய உள்துறை அமைச்சின் இணையத்தளத்தில் இருக்கிறது. அதை நிதானமாகப் படிக்கத் தெரிந்த எவரும் விண்ணப்பிக்கலாம். அதேபோல, செய்யாத வேலைக்கு 88 நாள் சீட்டு விற்பவர்களும் அங்கே உண்டு. பொய் ஆவணம் என்று தெரிந்தால் விசா கிடைக்காது என்பதோடு விவகாரம் முடியாது, அடுத்தடுத்த விண்ணப்பங்களையும் அது பாதிக்கும்.

விதிகள் வானத்திலிருந்து விழுவதில்லை

நியூசிலாந்திலும் மலேசியர்களுக்கு வேலை விடுமுறை விசா உண்டு. ஆண்டுக்கு 1,150 இடங்கள், தங்கும் காலம் ஆறு மாதம். பிரிட்டன் ஒரு காலத்தில் காமன்வெல்த் நாடுகளின் இளையர்களுக்கு இப்படி ஒரு திட்டம் வைத்திருந்தது. நம் அண்ணன்மார், அக்காமார் சிலர் அதில் லண்டனுக்குப் போயிருக்கிறார்கள். 2008 நவம்பரில் அதை மூடிவிட்டு, இன்னொரு திட்டம் கொண்டுவந்தார்கள். அதில் ஆஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து, ஜப்பான் இளையர்களுக்கு முதலில் இடம் கிடைத்தது, மலேசியாவுக்குக் கிடைக்கவில்லை. 2023, 2024 ஆண்டுகளில் அத்திட்டத்தில் ஆஸ்திரேலியர்கள், கனடியர்கள், நியூசிலாந்தர்களுக்கு வயது வரம்பு 35ஆகவும் தங்கும் காலம் மூன்று ஆண்டாகவும் உயர்ந்திருக்கிறது.

இதையெல்லாம் அடுக்கிப் பார்த்தால் ஒன்று புரிகிறது. பிரிட்டிஷ் இளையருக்கு 88 நாள் விலக்கு கிடைத்தது அவர் நம்மைவிடச் சிறந்த தொழிலாளி என்பதால் இல்லை. அவருடைய அரசாங்கம் வாணிபப் பேச்சில் அதையும் ஒரு கோரிக்கையாக வைத்தது. பேசி மாற்றிய விதியை நமக்காகவும் பேசி மாற்ற முடியும். மாணவர் அமைப்புகளில் இருப்பவர்கள், அனைத்துலக உறவும் சட்டமும் படிப்பவர்கள் இதைக் கேள்வியாக எழுப்ப வேண்டும். எண்ணிக்கையைக் கூட்டுங்கள் என்று மட்டும் கேட்காமல், விசாவையும் முதலாளியின் கையெழுத்தையும் பிரித்து வையுங்கள் என்று கேட்க வேண்டும்.

அதுவரை, போக நினைப்பவர்களுக்கு என் ஆலோசனை இதுதான். விசா விதியைப் போகும் ஆண்டில் ஒருமுறை புதிதாகப் படியுங்கள், என் அனுபவம்கூட அதற்குள் பழசாகியிருக்கும். கான்ட்ராக்டரின் உரிமத்தைச் சரிபாருங்கள். வங்கி வழியாக மட்டும் சம்பளம் வாங்குங்கள். ஒவ்வொரு சீட்டையும் சேமித்து வையுங்கள். சந்தேகம் வந்தால் ஃபேர் ஒர்க் அலுவலகத்தை 13 13 94 என்ற எண்ணில் அழையுங்கள். ஆங்கிலத்தில் பேசத் தயக்கமாக இருந்தால், 131 450 என்ற மொழிபெயர்ப்புச் சேவையை அழைத்துத் தமிழ் என்று சொன்னால் போதும், மொழிபெயர்ப்பாளர் இடையில் இருந்து பேசுவார்.

பயணப் பையில் ஒரு சின்ன நோட்டையும் பேனாவையும் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து ரிங்கிட்டுக்குள் முடியும் செலவு. என் நோட்டு இப்போது தங்கையின் மேசையில் இருக்கிறது. அவள் அடுத்த ஆண்டு பட்டம் வாங்குகிறாள், 462க்கு விண்ணப்பிக்கப் போகிறாளாம். முதல் பக்கத்தில் அவளுக்காக ஒரு வரி எழுதிக் கொடுத்திருக்கிறேன்: "நாளை மட்டும் எண்ணாதே, மணியையும் எண்ணு."